யார் கண்ணுக்கு வெளிப்படை? மெர்போக் செங்கல்லும் கதிர் காணும் கருவிகளும்

மெர்போக் ஆற்றின் கழிமுகத்துக்கும் குனோங் ஜெராய் மலைச்சரிவுக்கும் இடையே கிடக்கும் நிலம், சோழர் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்குக் கடாரம் என்றும், மலேசியத் தமிழர்களுக்குப் பீடோங், செமிலிங், சுங்கை பட்டாணி ஆகிய ஊர்களைச் சுற்றிய பால்மரத் தோட்டங்கள் என்றும் அறிமுகமானது. முதலாம் இராசேந்திரனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்போடு இப்பகுதியைச் சேர்த்துப் பேசுவது வழக்கம் என்றாலும், மண்ணுக்குள் கிடந்த இதன் கட்டட எச்சங்களை 1840களில் எழுத்தில் பதிவு செய்தவர் கர்னல் ஜேம்ஸ் லோ. 1936–37இல் முறையாகத் தோண்டியவர் குவாரிட்ச் வேல்ஸ். புக்கிட் பத்து பகாட் கோயிலின் கற்களை 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் மீண்டும் அடுக்கி நிமிர்த்தியவர் அலஸ்டர் லேம்ப். 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் குழு சுங்கை பத்துவில் நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய இடங்களும், உலைக்குக் காற்றூதிய மண்குழல்களும், செங்கல்லால் கட்டிய சடங்குக் கட்டடம் ஒன்றும் வெளிவந்தன. அக்கட்டடத்துக்கு முதலில் கி.பி. 110 என்ற காலம் அறிவிக்கப்பட்டது; பின்னர் அதைவிடப் பழைய கணிப்புகளும் அறிவிக்கப்பட்டு, அவை அறிஞரிடையே விவாதத்தில் உள்ளன. இக்கட்டுரைக்கு வேண்டியது அந்த ஆண்டுக்கணக்கு அன்று, செங்கல்லிலிருந்து ஆண்டைப் படித்தெடுக்கும் முறையே.

செங்கல் சூளையில் வேகும்போது, அதன் களிமண்ணில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் மணிகள் அதுவரை தமக்குள் சேர்த்து வைத்திருந்த ஆற்றல் முழுவதையும் இழந்துவிடுகின்றன. சூளையைவிட்டு வெளியே வந்த நாளிலிருந்து கணக்கு மறுபடி சுழியிலிருந்து ஏறத் தொடங்குகிறது. செங்கல்லிலும் சுற்றுமண்ணிலும் மிகச் சிறிய அளவில் கலந்துள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை வெளிவிடும் கதிர், குவார்ட்ஸின் மின்னணுக்களை இடம்பெயர்த்துப் படிகக் குறைகளில் சிக்க வைக்கிறது. இவ்வாறு சேரும் கதிரளவு ஆண்டுக்குச் சில மில்லிகிரே மட்டுமே. கிரே என்பது ஒரு கிலோகிராம் பொருள் உள்வாங்கும் கதிராற்றலை அளக்கும் அலகு. ஆய்வுக்கூடத்தில் மங்கிய சிவப்பு விளக்கொளியில் செங்கல்லின் வெளித்தோலைச் சீவி எறிந்துவிட்டு, வெயில் படாத உள்மணிகளை எடுத்து, அமிலத்தில் கழுவி, அவற்றின்மேல் நீல ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். சிக்கிக் கிடந்த மின்னணுக்கள் விடுபட்டு, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியாகத் தம் ஆற்றலைக் கொட்டிவிடுகின்றன. அந்த ஒளியைத் துகள் துகளாக எண்ணி, மொத்தக் கதிரளவைக் கணித்து, ஆண்டளவால் வகுத்தால் செங்கல்லின் வயது கிடைக்கும். ஒளித்தூண்டல் ஒளிர்வு எனப்படும் இம்முறையை, படிவு மண்ணின் காலத்தை அளக்க ஏற்றதாக ஹண்ட்லியும் அவருடைய கூட்டாளிகளும் 1985இல் கனடாவிலிருந்து வெளியிட்டனர். செங்கல் அறுத்தவர் அறியாமலேயே ஒரு கதிர் உணர்வியை அறுத்திருக்கிறார் என்று சொன்னால் அது உவமை ஆகாது; இயற்பியல்படி அதுதான் உண்மை.

இதே இயல்பு, வேறு பொருளில், வேறு நோக்கத்துக்காக, மருத்துவமனைகளின் எக்ஸ்ரே அறைகளுக்குள் நுழைந்தது. பேரியம் புளோரோபுரோமைடு என்னும் உப்பில் யூரோப்பியம் என்னும் உலோகத்தைச் சிறிதளவு கலந்து தகடாகப் பூசினால், அது தன்மேல் விழும் எக்ஸ்கதிரின் ஆற்றலில் ஒரு பகுதியைச் சிறைப்பிடித்து வைத்துக்கொள்ளும். பின்னர் சிவப்பு லேசர்ப் புள்ளியைத் தகட்டின்மேல் வரிசை வரிசையாக ஓட்டினால், புள்ளி தொட்ட இடமெல்லாம் நீல ஒளி எழும்; அதன் கூடுதல் குறைவைக் கணினி படமாகத் தொகுக்கும். ஃபிலிமும் கழுவும் இருட்டறையும் தேவைப்படாத இந்தப் படமுறையை ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 1975இல், இந்த எண்ணத்துக்கு அமெரிக்காவில் கோடக் நிறுவனத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லக்கி காப்புரிமை பெற்றிருந்தார். சேமித்த கதிராற்றலை வெப்பத்தால் கிளப்பிக் காலம் அளக்கலாம் என்பதை ஃபாரிங்டன் டேனியல்ஸ் 1953இலேயே எழுதியிருந்தார். ஒளியால் கிளப்பிக் கதிரளவை அளக்கலாம் என்று சோவியத் ஆய்வாளர்கள் அதே பத்தாண்டுக்குள் காட்டியிருந்தனர். அகச்சிவப்பு ஒளி ஒளிர்பொருள்களின் மினுக்கத்தை மாற்றும் என்பது எட்மண்ட் பெக்கெரல் காலத்திலிருந்தே, அதாவது 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே, தெரிந்த செய்தி. அப்படியிருக்க, எக்ஸ்ரேத் தகட்டில் புதிதாக எதைக் கண்டுபிடித்தார்கள் என்ற கேள்வி எழுகிறது. காப்புரிமைச் சட்டத்தின் மிகக் கடினமான கேள்வியும் இதுவே.

காப்புரிமை என்பது, ஒரு கண்டுபிடிப்பின் செய்முறையை ஊரறிய எழுதிக் கொடுப்பவருக்கு, குறிப்பிட்ட காலம்வரை பிறர் அதைச் செய்யாமல் தடுக்கும் உரிமையை அரசு வழங்குவது. அதைப் பெறக் கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும். புதியதாக இருந்தால் மட்டும் போதாது, அத்துறையில் சாதாரணத் திறனுள்ள ஒருவருக்கு, அன்றுவரை வெளியான அறிவை வைத்துப் பார்க்கும்போது, தானாகத் தோன்றக்கூடியதாகவும் இருக்கக் கூடாது. முன்னதற்குப் புதுமை என்றும், பின்னதற்குக் கண்டுபிடிப்புப் படி என்றும் பெயர். அந்தப் படி இல்லாததையே வெளிப்படையானது என்று தள்ளுகிறார்கள். புதுமையைத் தீர்ப்பது ஒப்பீட்டளவில் எளிது: பழைய ஏடு ஒன்றில் அதே பொருள் எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடினால் முடிந்தது. ஏட்டில் இல்லாத ஒன்றை யாராவது எழுதியிருக்கக் கூடுமா என்று கேட்பதுதான் சிக்கல்.

இக்கேள்வி நீதிமன்றத்தில் முதலில் உருப்பெற்றது கதவுக்குமிழ் ஒன்றைப் பற்றிய வழக்கில். மரத்திலும் உலோகத்திலும் செய்து வந்த குமிழைக் களிமண்ணாலும் பீங்கானாலும் செய்ததற்கு வழங்கிய காப்புரிமை செல்லாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1851இல் தீர்த்தது. அது திறமையான கைவினைஞரின் வேலையே தவிரக் கண்டுபிடிப்பாளரின் வேலை அன்று என்பது காரணம். 1875இல் வந்த அடுத்த பெரிய வழக்கு பால்மரத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. ஹைமன் லிப்மன் என்பவர் பென்சிலின் மறுமுனையில் ரப்பர்த் துண்டைப் பொருத்தி 1858இல் காப்புரிமை பெற்றார். அதை விலைக்கு வாங்கி மேம்படுத்திய ரெக்கென்டார்ஃபர், ஃபேபர் பென்சில் நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தார். பென்சில் எழுதுகிறது, ரப்பர் அழிக்கிறது, இரண்டையும் ஒரே குச்சியில் வைத்ததால் எழுதுவதிலோ அழிப்பதிலோ புது விளைவு ஏதும் இல்லை என்று கூறி உச்சநீதிமன்றம் காப்புரிமையைத் தள்ளியது. பள்ளிப் பையன் ஒவ்வொருவனும் பயன்படுத்தும் பொருள், எத்தனை விற்றாலும், சட்டத்தின் கண்ணில் கண்டுபிடிப்பு ஆகாமல் போன முதல் பெரிய எடுத்துக்காட்டு இது. இங்கிலாந்தில் வெளிப்படைத்தன்மை என்ற காரணம் 1932ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் எழுத்தில் ஏறியது, அமெரிக்காவில் 1952இல்.

இத்தீர்ப்புகளெல்லாம் சாய்ந்து நிற்பது, இரத்தமும் சதையுமாக எங்கும் இல்லாத ஒரு மனிதரின் மேல். துறைசார் திறனாளர் என்று அழைக்கப்படும் அவர், தம் துறையில் உலகெங்கும் எந்த மொழியில் வெளியான ஆவணத்தையும் படித்து முடித்தவர், எதையும் மறக்காதவர், ஆனால் சொந்தமாகக் கற்பனை செய்யத் தெரியாதவர். கடாரத் தோட்டங்களில் விடியற்காலை இருட்டில் நெற்றிவிளக்கோடு நிரைக்குப் போன பால்மரத் தொழிலாளியை இவரோடு ஒப்பிட்டால் வேற்றுமை பளிச்சென்று தெரியும். பட்டைக்கு உள்ளே வளரும் படலத்துக்குமேல் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான கனத்தை மட்டும் விட்டு உளி நிற்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் சரியாகச் சுரக்காது, கூடினால் அப்படலம் காயப்பட்டு, ஆறும் பட்டை முடிச்சும் கட்டியுமாகி, அடுத்த முறை உளி ஏறாது. பழைய வெட்டுக்கோட்டையே மீண்டும் மெல்லச் சீவித் திறந்தால் பால் பெருகும் என்ற உண்மையைச் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் ரிட்லி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காட்டினார். அத்தோட்ட வெளியீடுகள் வழியே அது தீபகற்பம் முழுதும் பரவி, 20ஆம் நூற்றாண்டில் கங்காணியின் வாய்மொழியில் பாடமாயிற்று. ஆயிரக்கணக்கான கைகள் அன்றாடம் செய்து பழகிய அந்த நுணுக்கங்களில் எத்தனை புதிதாகக் கண்டுபிடித்தவை என்று எண்ணிப் பார்க்கவே வழியில்லை, ஏனெனில் அவை எழுதப்படவில்லை. சட்டத்தின் திறனாளர் எல்லாம் படித்தும் எதையும் யோசிக்காதவர். தோட்டத்துத் திறனாளரோ ஒன்றும் படிக்காமல் மரத்துக்கு மரம் யோசித்தவர். இருவரையும் ஒரே சொல்லால் அழைப்பதில் ஒரு சிறு அநியாயம் இருக்கத்தான் செய்கிறது.

கடாரம் அடங்கிய கெடா மாநிலத்தைப் பொறுத்தவரை அந்தச் சட்ட மனிதர் நெடுங்காலம் இங்கிலாந்தில்தான் குடியிருந்தார். 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையால் சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்கு மாறிய இம்மாநிலம், விடுதலைக்குப் பின்னும் காப்புரிமையில் பழைய வழியிலேயே நடந்தது. 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி, இங்கிலாந்தில் பெற்ற காப்புரிமையை உள்ளூரில் மறுபதிவு செய்வதே தீபகற்பத்தின் நடைமுறையாக இருந்தது. அலோர் ஸ்டாரிலோ பினாங்கிலோ இருந்த ஒருவர் தம் கண்டுபிடிப்புக்குப் பாதுகாப்பு வேண்டினால் முதலில் இலண்டனுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதில் ஒரு முரண் உண்டு. அக்காலப் பிரிட்டிஷ் அலுவலகம் விண்ணப்பம் புதியதா என்று மட்டும் பார்த்ததே தவிர, வெளிப்படையானதா என்று தானாக ஆராய்வதில்லை. அந்தக் கேள்வியை எழுப்பும் வேலை வணிகப் போட்டியாளரிடமே விடப்பட்டிருந்தது. மலாயாவில் மறுபதிவான காப்புரிமைகள், எதிர்த்து நிற்க ஆளில்லாத வரையில், அந்தச் சோதனையைச் சந்திக்காமலே வாழ்ந்து முடிந்தன.

அதே காலத்தில்தான் இலண்டன் நீதிமன்றங்கள் இந்தச் சோதனையின் பெரிய பலவீனத்தைக் கண்டுகொண்டன. வானொலிப் பெட்டிக்குள் கம்பிகளுக்குப் பதிலாகச் செப்புப் படலத்தில் இணைப்புகளை அச்சிடலாம் என்ற பால் ஐஸ்லரின் கண்டுபிடிப்பைப் பற்றிய டெக்னோகிராஃப் வழக்கு, 1972இன் சட்ட அறிக்கைகளில் வெளியான பிரபுக்கள் அவைத் தீர்ப்போடு முடிந்தது. விடையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கி நடந்தால், எந்தக் கண்டுபிடிப்பையும் சிறுசிறு எளிய படிகளாக உடைத்துவிடலாம். ஒவ்வொரு படியும் தனித்தனியே பார்க்க வெளிப்படையாகவே தோன்றும். கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்து விடையைப் பார்த்துவிட்டு, கணக்கு மிகச் சுலபம் என்று சொல்லும் மாணவனின் நிலை இது. நீதிபதி தீர்ப்பு எழுதும்போது கண்டுபிடிப்பு பத்துப் பதினைந்து ஆண்டு பழையதாகி, தொழிற்சாலைகள் முழுக்கப் பரவிவிட்டிருக்கும் என்பதால், இத்தவற்றிலிருந்து தப்புவது ஏறக்குறைய முடியாத காரியம்.

1985இல் பாய்மரப் பலகை வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நான்கு கட்டங்களாக ஒரு வழிமுறையை வகுத்தது: கண்டுபிடிப்பின் கருத்து எது என்று பிரித்தெடுப்பது, அந்நாளில் திறனாளருக்கு இருந்த பொது அறிவை நிர்ணயிப்பது, பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டைக் குறிப்பது, பின்னர் அந்த வேறுபாடு அவருக்குத் தோன்றியிருக்குமா என்று கேட்பது. அவ்வழக்கில் காப்புரிமையைக் கவிழ்த்த சான்று, 1958இல் ஒரு தீவின் கரையில் 12 வயதுச் சிறுவன் தன் கையால் செய்து ஓட்டிய பாய்ப்பலகை. மலேசிய நீதிமன்றங்களிலும் இந்த நான்கு கட்டச் சோதனை இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது.

தமிழ்நாட்டுப் பாத்திரக் கடைக்காரர்களுக்கு நன்கு விளங்கக்கூடிய இந்திய வழக்கு ஒன்றும் இவ்விடத்தில் சொல்லத்தக்கது. உத்தரப் பிரதேசத்தின் மிர்சாப்பூரில் பித்தளை, ஜெர்மன் வெள்ளிப் பாத்திரங்களைக் கடைசல் இயந்திரத்தில் சுழற்றி மெருகேற்றுவோர், பாத்திரத்தை மரத்துண்டிலும் அரக்கிலும் ஒட்டி இயந்திரத்தின் தலைப்பகுதியில் நிறுத்துவது பழைய வழக்கம். சுழற்சி வேகம் கூடினால் அரக்கு விட்டுப் பாத்திரம் கழன்று பறக்கும். ஆளுக்கும் ஆபத்து, சரக்குக்கும் சேதம். அரக்குக்குப் பதிலாக எதிர்முனையிலிருந்து கூர்முனைத் தண்டு ஒன்றால் அழுத்திப் பிடிக்கும் முறைக்கு ஒரு நிறுவனம் 1951இல் காப்புரிமை பெற்றது. வழக்கு அலகாபாத் உயர்நீதிமன்றம் வழியே உச்சநீதிமன்றத்தை எட்டி, 1978 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: கடைசல் இயந்திரங்களில் எதிர்முனைத் தண்டு பழங்காலந்தொட்டே உள்ளது, அதைப் பாத்திரத்துக்குப் பொருத்தியது பட்டறையில் இயல்பாக நடக்கும் மேம்பாடு, அதற்குமேல் ஏதுமில்லை. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் வெளிப்படைத்தன்மை பற்றிய எந்த வாதமும் இன்றும் இந்தப் பாத்திர வழக்கிலிருந்தே தொடங்குகிறது. அரக்கோடு மல்லுக்கட்டிய அத்தனை ஆண்டுகளில் மிர்சாப்பூரின் வேறு எந்தப் பட்டறைக்கும் இந்த இயல்பான மேம்பாடு ஏன் தோன்றவில்லை என்ற எதிர்க்கேள்வி மட்டும் தீர்ப்பைப் படிப்பவர் மனத்தில் தங்கிவிடுகிறது.

மலேசியா தனக்கென 1983இல் இயற்றிய காப்புரிமைச் சட்டம் 1986 அக்டோபர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 15ஆம் பிரிவு, துறையில் சாதாரணத் திறனுள்ள ஒருவருக்கு வெளிப்படையாக இருந்திராத படியே கண்டுபிடிப்புப் படி என்று வரையறுக்கிறது. இலண்டனில் இருந்தவர் இவ்வாறு கோலாலம்பூருக்கு இடம் பெயர்ந்தார். அச்சட்டம் இன்னொரு சிறிய வாசலையும் திறந்து வைத்தது. பயன்பாட்டுப் புத்தாக்கம் என்ற பெயரில், கண்டுபிடிப்புப் படி இருக்கிறதா என்று கேளாமல், புதியது என்றால் போதும் என்று வழங்கும் சான்றிதழ் அது. உளிப்பிடியைத் திருத்துபவர், வாளி தூக்கும் காண்டாவுக்குக் கொக்கி அமைப்பவர் போன்ற சிறு திருத்தக்காரர்களுக்குப் பொருந்தும் வாசல் அது. பெரிய வாசலில் நடந்த சண்டைகளில் குறிப்பிடத்தக்கது, எலும்புத் தேய்வுக்கான வாரம் ஒருமுறை மாத்திரை பற்றி மெர்க் நிறுவனமும் ஈப்போவின் ஹோவிட் நிறுவனமும் மோதிய வழக்கு. ஹோ யான் ஹோர் மூலிகைத் தேநீரில் தொடங்கி வளர்ந்த நிறுவனம் என்றால் மலேசிய வாசகருக்கு உடனே புரியும். காப்புரிமையின் முதன்மைக் கோரிக்கை வீழ்ந்தால் அதைச் சார்ந்த துணைக் கோரிக்கைகளும் ஆராயப்படாமலே வீழும் என்று சில ஆண்டுகளுக்குமுன் வேறொரு வழக்கில் தானே சொல்லியிருந்ததைக் கூட்டரசு நீதிமன்றம் 2019இல் இவ்வழக்கில் மாற்றிக்கொண்டது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் வெளிப்படைச் சோதனை தனித்தனியே நடக்க வேண்டும் என்பது அதன் பயன்.

இனி, எக்ஸ்ரேத் தகட்டுக்குத் திரும்பலாம். பானையோட்டின் காலத்தை வெப்ப ஒளிர்வால் அளந்த தொல்லியலாளர்களின் ஏடுகள் 1960களில் வெளியாகிவிட்டன. எக்ஸ்ரே ஃபிலிம் செய்யும் பொறியாளர் அவற்றைத் தேடிப் படித்திருக்க வேண்டுமா? சட்டம் இதற்கு அண்டைத் துறை என்ற கருத்தால் விடை சொல்கிறது: அதே துறையின் அறிவும், துறை வேறானாலும் கையிலுள்ள சிக்கலுக்கு நேரடியாகப் பயன்படும் அறிவும் மட்டுமே கணக்கில் சேரும். கதிராற்றலைச் சேமித்துப் பின்னர் வெளியேற்றுவது என்பதுதான் சிக்கல் என்று வைத்தால், பானையோடும் செங்கல்லும் மிக நெருங்கிய உறவாகிவிடும். மார்பின் நிழலை நுணுக்கமாகப் படமாக்குவது என்று வைத்தால் அவை தூரத்து உறவுகூட ஆகா. ஆகவே வேலியை எங்கே போடுகிறார்கள் என்பதிலேயே பாதித் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. தொல்லியலாளர் மணிகளைத் தூளாக்கி, கலந்து, மொத்த ஒளியைத்தான் அளந்தார். எந்த மணி செங்கல்லின் எந்த மூலையில் இருந்தது என்பது அவருக்குத் தேவைப்படவே இல்லை. படம் என்பதோ இடம் பற்றியது. சேமித்த ஒளியைப் புள்ளி புள்ளியாக, இடம் தவறாமல் வெளியே எடுக்கலாம் என்பதுதான் லக்கியின் படி என்று கொண்டால், பானையோட்டு ஏடுகள் அனைத்தையும் அவர்முன் அடுக்கினாலும் அந்தப் படி வெளிப்படையாகாது என்றே கூற வேண்டும். எதிர்த்தரப்புக்கும் வலுவான வாதம் உண்டு. லேசர் பிறந்ததே 1960இல்தான். படத்தைக் கையாளும் கணினி மலிவானது அதற்கும் பின்னர். இவ்வளவு காலம் யாரும் செய்யவில்லையே என்று வியப்பதற்குமுன், செய்வதற்குக் கருவி இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

தகட்டைவிடச் சிக்கலானது பளிங்கின் கதை. உடலுக்குள் செலுத்திய கதிரியக்க மருந்து எங்கே சேர்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனில், ஒவ்வொரு சிதைவுக்கும் 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசையில் கிளம்புகின்றன. உடலைச் சுற்றி வளையமாக அடுக்கிய பளிங்குகள் அவ்விரண்டையும் ஒரே கணத்தில் பிடித்தால்தான் படம் அமையும். கதிர் பட்டதும் மின்னும் பளிங்குக்கு மினுக்கி என்று பெயரிடலாம். ஹாஃப்ஸ்டாட்டர் 1948இல் அறிமுகப்படுத்திய சோடியம் அயோடைடு மினுக்கி நன்றாக ஒளிரும், ஆனால் எடை குறைந்தது, கதிரைத் தப்பவிடும். 1970களில் வந்த பிஸ்மத் ஜெர்மனேட்டு கனமானது, கதிரைப் பிடிக்கும். ஆனால் மங்கலாக ஒளிர்வதோடு, மின்னி அடங்க 300 நானோநொடி எடுத்துக்கொள்ளும். எண்ணெய்க் கிணறுகளுக்குள் இறக்கும் அளவைக்கருவிக்கு நல்ல மினுக்கி தேடிய சார்ல்ஸ் மெல்ச்சர், அமெரிக்காவில் ஷ்லம்பர்ஜர் நிறுவனத்தின் ஆய்வகத்தில், சீரியம் கலந்த லுட்டீசியம் சிலிக்கேட்டை உருவாக்கினார்; 1990இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அது கனமும் உடையது, ஒளியும் மிகுந்தது, 40 நானோநொடியில் அடங்கிவிடும். எண்ணெய்க்குத் தேடியது மருத்துவத்துக்கு உதவியது.

இப்பளிங்கை வெளிப்படையானது என்று வாதாடப் போதிய இடம் இருந்தது. கடோலினியம் என்ற உலோகத்தின் சிலிக்கேட்டில் சீரியம் கலந்த மினுக்கியை ஜப்பானியர் 1983இலேயே வெளியிட்டிருந்தனர். கடோலினியத்துக்கும் லுட்டீசியத்துக்கும் தனிம அட்டவணையில் ஒரே வரிசை. வேதிப் பண்புகளில் உடன்பிறப்புகள். ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை வைப்பது பட்டறை வேலைதானே என்று கேட்கலாம். ஆனால் லுட்டீசியத்தை எவரும் முதலில் நாடாமல் இருக்கக் காரணங்கள் இருந்தன. அது அருமண் தனிமங்களில் அரியவற்றுள் ஒன்று, விலை மிக்கது. அதைவிட முக்கியமாக, இயற்கை லுட்டீசியத்தில் 2.6 விழுக்காடு தானே கதிர்வீசும் லுட்டீசியம்-176. ஏறத்தாழ 3,700 கோடி ஆண்டு அரைவாழ்வுடைய அது, கதிரை அளக்க வேண்டிய பளிங்குக்குள்ளேயே இருந்துகொண்டு ஓயாமல் கதிரை உமிழும். தராசுத் தட்டிலேயே ஒரு கல் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு ஒப்பான இக்குறையை அறிந்த திறனாளர், வேறு பக்கம்தான் திரும்பியிருப்பார். முன்னறிவு ஒரு வழியைக் காட்டாமல் விடுவது ஒன்று; அவ்வழியில் போகாதே என்று தடுப்பது வேறு. தடுத்த வழியில் போய்ப் பலன் கண்டவரின் படி வெளிப்படையானது ஆகாது என்பது எல்லா நாட்டுச் சட்டங்களுக்கும் ஏறக்குறையப் பொது.

லுட்டீசியத்தின் வரலாறு தமிழ் நிலங்களுக்கும் மலாய் நிலத்துக்கும் எட்டாததன்று. 1907இல் இதைத் தனித்தனியே கண்ட மூவரில் ஒருவர் ஆவர் வான் வெல்ஸ்பாக்; தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் இரவெல்லாம் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் வலை அவருடைய கண்டுபிடிப்பின் வழிவந்தது. அவ்வலைக்குத் தேவைப்பட்ட தோரியத்துக்காகவே மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட் மணல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேடப்பட்டது. பேராக் மாநிலத்தில் ஈயம் அரித்தபின் எஞ்சும் ஆமாங் என்னும் கருமணலில் மோனசைட்டோடு செனோடைம் என்ற கனிமமும் கிடக்கிறது. இட்ரியமும், அதன் உடன்பிறப்பாகச் சிறிதளவு லுட்டீசியமும் அதற்குள் உள்ளன. அவ்விரு தனிமங்களும் அருகருகே நிற்பதுதான் அடுத்த வழக்கின் வேர்.

லுட்டீசியத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு இட்ரியத்தைச் சேர்த்த பளிங்கை சான்-கோபான் நிறுவனம் செய்து, பிலிப்ஸ் நிறுவனத்தின் பெட் கருவிகளுக்கு விற்றது. இந்தக் கலப்புப் பளிங்குக்குத் தனியே ஒரு காப்புரிமையும் இருந்தது. மெல்ச்சரின் காப்புரிமை உரிமையைக் கையில் வைத்திருந்த சீமென்ஸ், அமெரிக்காவின் டெலவேரிலுள்ள கூட்டரசு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் இட்ரியம் சேர்ந்த பளிங்கு காப்புரிமையின் வாசகத்துக்குள் அடங்காது. ஆனால் செயலிலும் விளைவிலும் நிகரானது என்று ஜூரிகள் கண்டு 5 கோடியே 23 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தனர். நீதிபதி அதை 4 கோடியே 49 லட்சமாகக் குறைத்தார். மேல்முறையீட்டில் சான்-கோபான் வைத்த வாதம் கூர்மையானது: அரசின் காப்புரிமை அலுவலகமே தனிக் காப்புரிமை கொடுத்து, இக்கலப்பு வெளிப்படையானது அன்று என்று ஒப்புக்கொண்டபின், அது பழைய பளிங்குக்கு நிகரானது என்று எப்படிச் சொல்ல முடியும்? 2011 பிப்ரவரியில் தீர்ப்பளித்த நடுவண் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரும்பான்மை, நிகர்மையும் வெளிப்படைத்தன்மையும் வெவ்வேறு சோதனைகள் என்று கூறி அவ்வாதத்தை ஏற்கவில்லை. ஒரு நீதிபதி மாறுபட்டார். பழையதற்கு நிகராகவும், அதே வேளையில் பழையதிலிருந்து எளிதில் தோன்றாததாகவும் ஒரே பளிங்கு இருக்கலாம் என்ற இம்முடிவு சட்ட நுணுக்கத்தில் பொருந்தினாலும், பட்டறையில் நிற்பவருக்கு விளங்க வைப்பது கடினம். மாறுபட்ட நீதிபதியின் தயக்கத்தில் நியாயம் இருந்தது. தீர்ப்பு வெளியானபோது மெல்ச்சரின் காப்புரிமைக்குக் காலமும் முடிந்துவிட்டிருந்தது.

இதற்கிடையில் 2007இல், வண்டியின் மிதிப்பலகையில் உணர்வியைப் பொருத்திய வழக்கொன்றில், அமெரிக்க உச்சநீதிமன்றம் திறனாளரின் குணத்தையே சற்று மாற்றியது. இரு பழைய ஏடுகளைச் சேர்த்துப் படிக்கச் சொல்லும் எழுத்து எங்காவது இருக்க வேண்டும் என்று கீழ்நீதிமன்றம் விறைப்பாகக் கேட்டதைக் கடிந்து, திறனாளர் இயந்திரம் அன்று, அவருக்கும் சாதாரணக் கற்பனை உண்டு என்று அது கூறியது. அன்றுமுதல் கதிர் உணர்விகளுக்கான விண்ணப்பங்களில், தெரிந்த பளிங்கையும் தெரிந்த ஒளியுணர்வியையும் சேர்ப்பது மட்டும் போதாமல், சேர்த்ததால் எதிர்பாராத விளைவு கிட்டியதா என்று காட்டும் அளவீடுகள் பக்கம் பக்கமாக இடம்பெறத் தொடங்கின.

பெட் வளையத்தில் பொருத்துமுன் லுட்டீசியப் பளிங்கை ஒளிபுகாப் பெட்டிக்குள் வைத்து அளந்தால், வெளியிலிருந்து எந்தக் கதிரும் வராதபோதும், ஒரு கன சென்டிமீட்டருக்கு நொடிக்கு ஏறத்தாழ 300 சிதைவுகள் நடப்பது தெரியும். சுங்கை பத்துவின் குவார்ட்ஸ் மணிக்குச் சுற்றுமண் செய்த வேலையை இங்குப் பளிங்கு தனக்குத் தானே செய்துகொள்கிறது. திறனாளரை விலகிப் போகச் சொல்லியிருக்கக்கூடிய அந்த உள்ளொளியை, வெளியிலிருந்து கதிரியக்க மூலம் எதையும் கொண்டுவராமலே கருவியின் ஒவ்வொரு பளிங்கும் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க ஆய்வாளர்கள் இப்போது பயன்படுத்துகிறார்கள்.